வசந்தாமணி அக்காவின் லாக் பின்

ஆயுத பூஜையில் வைத்த சாமானை வசந்தாமணி அக்கா தன் கையாலேயே எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சந்தனப் பொட்டின் ஈரம்கூடக் காயவில்லை. இதைச் சொன்னால் மல்லசமுத்திரத்தில் ஒரு மெக்கானிக்கும் நம்பமாட்டான். பார்த்த எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

நான் ஆண்டி. அக்கா கடைக்கு எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிற நேரம் போக, மற்ற நேரமெல்லாம் என் கண் அந்தக் கடை மேல்தான். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்று அக்கா சொன்னால் சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் வையப்பமலைப் பக்கம். தோட்டம், மாடு, நிலக்கடலை என்று வளர்ந்தவர். ஜீப் மெக்கானிக் மருதாசலம் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தபோது ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பட்டறைக்குச் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வருவார். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார முடியாமல், தரையில் இறைந்து கிடக்கும் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி அடுக்குவார். அப்படி ஆரம்பித்ததுதான். அண்ணன் மாரடைப்பில் போன பிறகு, சாமான்களை எடைக்குப் போட்டுவிட்டுத் தறிக்குப் போகச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அக்கா மறுவாரமே பட்டறை முகப்பில் போர்டு மாட்டினார்: 'இங்கு ஸ்பெஷல் டூல்ஸ் வாடகைக்குக் கிடைக்கும்.'

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ரிங் ஸ்பேனர் எல்லாப் பட்டறையிலும் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிற சாமானை எவன் வாங்கி வைப்பான்? திருச்செங்கோட்டிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் அக்கா கடைக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

கடைச் சுவரில் பெரிய பலகை ஒன்று, அண்ணன் இருக்கும்போதே அக்கா மாட்டியது. ஒவ்வொரு சாமானையும் பலகைமேல் வைத்து அதைச் சுற்றி மஞ்சள் பெயின்டால் கோடு இழுத்திருப்பார். சாமான் வெளியே போனால் கோடு மட்டும் தெரியும். கணக்கு நோட்டு கிடையாது. எந்தக் கோட்டுக்குரியது யாரிடம் இருக்கிறது என்பது அக்காவின் மண்டைக்குள் இருக்கும். எல்லாச் சாமானிலும் புள்ளி புள்ளியாக மூன்று பஞ்ச் குத்து, அண்ணன் காலத்திலிருந்தே அதுதான் பட்டறை முத்திரை. சொந்த மருமகன் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவர் கேட்டதற்கு, "எப்பக் கொண்டாந்து தருவீங்க மாப்ளை?" என்று கேட்டவர் அக்கா. மாப்பிள்ளை அத்தோடு கேட்பதை விட்டுவிட்டார்.

அந்தப் பலகையில் ஒரு கோடு மட்டும் எப்போதும் காலி. புதிதாகச் சாமான் எடுக்க வருகிறவன் எவனானாலும் அக்கா அதைக் காட்டாமல் விடமாட்டார். "பாத்துக்க சாமி. இங்க ஒரு லாக் பின் இருந்துச்சு. குழந்தைவேலுன்னு ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான். அவனுக்கு அப்புறம் இந்தக் கடைப்படியில எடமில்ல."

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோழிப்பண்ணை சரவணக்குமாரிடம் ஒரு வெளிநாட்டு டீசல் ஜீப் இருக்கிறது. காடு மேடெல்லாம் ஏறும் வண்டி, இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அதன் எஞ்சினுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. அது ஒரு பல் தள்ளிப்போனாலும் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதி நொறுங்கிவிடும். அதனால் பெல்ட்டை மாற்றும்போது எஞ்சின் இம்மி அசையாமல் நிற்கவேண்டும். அதற்குத்தான் லாக் பின். சுண்டுவிரல் பருமன், ஒரு சாண் நீளம். வண்டிக்கு அடியிலிருந்து செருகினால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மருதாசலம் அண்ணன் கோயமுத்தூரில் தேடிப் பிடித்து வாங்கி வந்தது.

எட்டொன்பது வருஷம் முன்பு அந்த ஜீப்புக்கு அண்ணனும், பட்டறையில் வேலை பார்த்த குழந்தைவேலும் பெல்ட் மாற்றினார்கள். வண்டி போயிற்று. அடுத்த நாள் ஆயுத பூஜைக்குச் சாமான்களைக் கழுவி அடுக்கும்போது லாக் பின்னைக் காணவில்லை. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் குழந்தைவேல். பொரி வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவில் அக்கா அவனை நிற்கவைத்துக் கேட்டார். அவன் எடுக்கவில்லை என்றான். "எடுத்தவன் எங்காச்சும் எடுத்தேன்னு சொல்லுவானா?" என்றார் அக்கா. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. குழந்தைவேல் தன் கையில் இருந்த பொரிப் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அவன் அம்மா குப்பாயி எங்கள் தெருவில் கீரை விற்பாள். அதற்குப் பிறகு அவள் இந்தத் தெருவுக்குள் வரவே இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போவாள்.

அண்ணன் பிறகு சூரமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வேறு லாக் பின் கடைந்து வாங்கினார். அது பக்கத்தில் தனிக் கோட்டுக்குள் தொங்கியது. பழைய கோட்டை அக்கா அழிக்கவிடவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் அதே ஜீப்புக்குப் பெல்ட் மாற்றும் முறை வந்தது. வேலையை எடுத்தவன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மோகன்குமார். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். புல்லர், டார்க் ரெஞ்ச், லாக் பின், போல்ட்டை முறுக்கும்போது புல்லி சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் நீளமான இரும்புப் பட்டை என்று எல்லாவற்றையும் அக்காவிடம்தான் எடுத்துப் போனான்.

பூஜைக்கு முதல் நாள் அக்காவைப் பார்க்கவேண்டும். காலையிலிருந்தே காதில் போனை வைத்தபடி எல்லாப் பட்டறையையும் விரட்டுவார். பொழுது சாய்வதற்குள் எல்லாச் சாமானும் கடைக்குத் திரும்பியிருக்கவேண்டும். அது அவர் போட்ட சட்டம். பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் மறுபூஜை முடியும்வரை ஒரு நட்டைக்கூட யாரும் தொடக் கூடாது. ஒருமுறை பக்கத்து ஊர்ப் பெரிய மனுஷர் கார் நடுரோட்டில் நின்று, அவரே நேரில் வந்து கேட்டார். "நாளைக்கு வாங்க" என்று பொரியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார் அக்கா.

பூஜை அன்று காலை நானும் போய் நின்றேன். வாழைக்கன்று கட்டி, வந்தவர்கள் ஆளுக்கொரு கையாகச் சாமான்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஜமுக்காளத்தில் பரப்பியாகிவிட்டது. பூசாரி கற்பூரத்தை ஏற்றித் தீபாராதனை காட்டியதும், அக்கா கடைசியாக ஒரு வேலை செய்வார். ஒவ்வொரு சாமானின் இரண்டு முனையிலும் இன்னொரு பொட்டு வைப்பார். கணக்கு முடிந்ததற்கு அதுதான் கையெழுத்து. லாக் பின்னை எடுத்தார். கைப்பிடிப் பக்கம் பொட்டு வைத்தார். திருப்பினார். விரல் அப்படியே நின்றுவிட்டது.

மறுமுனை இல்லை. உடைந்த இடம் வெள்ளையாகப் பளபளத்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவின் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. மோகன்குமார் வாசலில் பொரி வாங்க நின்றிருந்தான். அக்கா பின்னைத் தூக்கிக் காட்டினார். "மொனை எங்கடா?"

அவன் வாயில் பொரியோடே பேசினான். "அக்கா... கடைசியா போல்ட்ட முறுக்கறப்பங்க... புல்லி சுத்துச்சுங்க. பின்னுதான் உள்ள இருக்குதே, அதே புடிச்சுக்கும்னு முறுக்கிப்போட்டனுங்க. டக்குன்னு ஒரு சத்தம்."

"லாக் பின்னு அந்த வேலைக்காடா? பட்டையப் போட்டுப் புடிக்கறதுக்கென்ன கேடு?"

"பட்டைய நீங்கதானுங்க மத்தியானமே கொண்டாரச் சொன்னீங்க. குடுத்தனுப்பிப்போட்டேன்."

தூக்கிய பின்னை அக்கா மெல்ல இறக்கினார். நான் போட்ட சட்டமே இப்படித் திருப்பி அடித்திருந்தால், நானாக இருந்தால் அங்கேயே இடிந்து உட்கார்ந்திருப்பேன்.

உடைந்த முனையைத் தேடினானாம், கிடைக்கவில்லையாம். எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் கோளாறு தெரியவில்லை. சரவணக்குமார் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். வண்டியைக் கொடுத்துவிட்டு, சாயங்காலக் கூட்டத்தில் பின்னைத் துணியில் சுற்றி மற்ற சாமானோடு சேர்த்துக் கூடையில் போட்டுவிட்டான். இதைச் சொல்லி முடித்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"வண்டி இப்ப எங்க?" என்றார் அக்கா.

"கொல்லிமலைக்குங்க. குடும்பத்தோட. வெடியக் காலையில வண்டிக்குப் பூஜை போட்டுட்டுப் போறதாச் சொன்னாருங்க."

அந்த மலைப்பாதையை ஏறியவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவு முடிந்தால் இன்னொரு கொண்டை ஊசி வளைவு. அந்த இரும்புத் துண்டு ஒரு குலுக்கலில் எகிறி ஃப்ளைவீலுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் மாட்டினால் எஞ்சின் அந்த இடத்திலேயே இறுகிவிடும். எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகும், ஸ்டீயரிங் திரும்பாது. வண்டிக்குள் சரவணக்குமார், அவர் மனைவி சௌந்தர்யா, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார்.

சரவணக்குமார் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பண்ணையிலிருந்து கூப்பிட்டுத் தொந்தரவு செய்வார்கள் என்று அணைத்திருக்கிறார். பண்ணையில் கேட்டதற்கு, அணைப்பதற்கு முன் பேசியபோது ராசிபுரத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார் என்றார்கள். நாங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் பிடிக்க முடியாது. மலை அடிவாரத்தில், காரவள்ளியில், யாராவது நிறுத்தினால்தான் உண்டு.

"காரவள்ளியில யாரு இருக்கா?" என்றார் அக்கா.

எல்லோருக்கும் தெரியும். அடிவாரத்தில் மலையேறும் ஜீப்புகளுக்கு பிரேக் பார்க்கிற பட்டறை ஒன்றுதான். அது குழந்தைவேலுடையது.

மோகன்குமார் போனை எடுத்து நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மணி அடித்தது. அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"யாருங்க?" என்று கேட்டது அந்தப் பக்கம்.

"நான் வசந்தாமணி."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு நின்றது. அப்புறம், "சொல்லுங்க" என்று வந்தது.

அக்கா சொன்னார். ஒரே மூச்சில் சொன்னார். ஜீப்பின் நிறம், நம்பர், உள்ளே இருக்கும் இரும்பு, பிள்ளைகள். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு, "நிறுத்தி வெக்கறேன். வாங்க" என்று வைத்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்னது நடந்தது. குழந்தைவேலின் சாமான்களும் பூஜையில்தானே இருக்கும். அவனிடம் போய் எடுடா என்று எந்த வாயால் சொல்வது? அக்கா ஜமுக்காளத்தின் முன் குனிந்தார். பாக்ஸ் ஸ்பேனர், நீளக் கைப்பிடி, சுத்தியல், காந்தக் கம்பி என்று வரிசையாக எடுத்துச் சேலை முந்தானையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். பூசாரி வாயைப் பிளந்து நின்றார். "ஆண்டி, வண்டிய எடு" என்றார் என்னிடம். என் ஆம்னி வேனுக்கு அன்று பூஜைகூடப் போட்டிருக்கவில்லை.

ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி எல்லாம் எப்படிப் போயிற்று என்று தெரியாது. பின்னால் மோகன்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். அக்கா உடைந்த பின்னைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளைங்க இருக்குதே, ஆண்டி" என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

ஜீப் நின்றிருந்தது. புளிய மரத்தடியில், மாலையும் கதம்பமுமாக. அதைப் பார்த்த வேகத்தில் பிரேக் போட மறந்து, பத்தடி தாண்டிப் போய்த்தான் வேனை நிறுத்தினேன். பிள்ளைகள் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தன. சரவணக்குமார் இடுப்பில் கை வைத்துக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா நடுரோட்டுல வந்து நிக்கறான். ஏத்துனா என் மேல ஏத்துங்கங்கறான். என்னன்னு தொறந்து பாருய்யான்னா, அதுக்கும் அந்தக்கா வரட்டும்ங்கறான்!"

குழந்தைவேல் மரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். தலை நரைத்துவிட்டது. நெற்றியில் பூஜைத் திருநீறு. அக்காவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஏன் தொறக்கல?" என்றார் அக்கா.

"உங்க கண்ணு முன்னாலதானுங்க தொறக்கோணும். நாளைக்கு ஏதாச்சும் காணமுன்னா?"

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஊர் நிலவரம் சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா முந்தானையை விரித்தார். சந்தனப் பொட்டு வைத்த சாமான்களைப் பார்த்ததும் குழந்தைவேல் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் வண்டிக்கு அடியில் படுத்தான். அக்கா தரையில் உட்கார்ந்து, அவன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

எஞ்சினுக்கு அடியில், கல் அடிக்காமல் இருக்க ஒரு கனமான இரும்புத் தகடு உண்டு. அதில் கை நுழைகிற ஓட்டை இருப்பதால், பெல்ட் மாற்றுகிறவர்கள் அதைக் கழற்றாமலேயே ஓட்டை வழியாக லாக் பின்னைச் செருகி வேலையை முடித்துவிடுவார்கள். குழந்தைவேல் அதைக் கழற்றினான். துருவேறிய போல்ட்டுகள், மோகன்குமாரும் நானும் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. தகட்டைச் சேறோடு இறக்கி ஓரமாக வைத்தோம். பிறகு ஃப்ளைவீல் கூட்டின் அடிமூடியைத் திறந்து காந்தக் கம்பியை உள்ளே விட்டுத் துழாவினான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. டக்.

வெளியே எடுத்தான். உடைந்த முனை. ஒரு பக்கம் புதிதாகத் தேய்ந்து மின்னியது. ஏற்கெனவே ஃப்ளைவீலில் உரச ஆரம்பித்திருந்தது. அக்கா தன் கையிலிருந்த பின்னோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. சரவணக்குமார் அதைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், ரோட்டோரக் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். சௌந்தர்யா இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன்.

தகட்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன் குழந்தைவேல் அதைக் கவிழ்த்து, காய்ந்து இறுகிக் கிடந்த சேற்றைச் சுத்தியலால் தட்டினான். பல வருஷச் சேறு. அடைஅடையாக விழுந்தது. மூலையில் தகடு மடிந்திருந்த இடத்திலிருந்து ஒரு பெரிய கட்டி உடைந்து, அதிலிருந்து ஒரு இரும்பு உருண்டு அக்காவின் காலடியில் வந்து நின்றது.

சுண்டுவிரல் பருமன். ஒரு சாண் நீளம்.

குழந்தைவேல் சுத்தியலைக் கீழே வைத்தான். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். "நான் தொடலீங்க. நீங்களே எடுத்துப் பாருங்க."

அக்கா எடுத்தார். முந்தானையால் துடைத்தார். துருவுக்கு அடியில் மூன்று பஞ்ச் குத்து தெரிந்தது. கோயமுத்தூரில் அண்ணன் வாங்கிய லாக் பின். அன்றைக்கு வேலை முடித்த யாரோ ஒருவர் கை தவறித் தகட்டின்மேல் விழுந்து, இத்தனை வருஷமும் இந்த ஜீப்போடு காடு மேடெல்லாம் சுற்றியிருக்கிறது. அன்று ஜீப்பைத் திரும்ப வரவழைத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள், எனக்கு நினைவிருக்கிறது. தகட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதற்குள்தான் திருடன் யார் என்று முடிவாகிவிட்டதே.

பூச்சிமருந்து குடித்தவர் மாதிரி உதடு வெளுத்துப்போய், அக்கா அந்தப் பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! ஸ்பேனர் எடுக்க வந்தவன், திருப்பித் தர வந்தவன், வழி கேட்க வந்தவன். இந்த ஜில்லாவில் வண்டி வேலை பார்க்கிற ஒவ்வொருவன் காதிலும் குழந்தைவேல் பேரைத் திருடன் என்று போட்டவர். கடைசியில் பின்னை அவன் பக்கமாக நீட்டினார்.

"நீயே வெச்சுக்க சாமி."

"வேண்டாமுங்க. இப்ப வாங்குனா அன்னைக்கு எடுத்ததா ஆயிரும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "நாளைக்கு மறுபூஜையில எல்லாத்து முன்னாலயும் சொல்லறேன் குழந்தவேலு. ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லறேன். நீ எடுக்கலீன்னு சொல்லறேன்."

"சொல்லுங்க" என்றான். தகட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தான். அங்கிருந்துதான் அந்தக் குரல் வந்தது. "எங்கம்மா போய் ரெண்டு வருஷமாச்சுங்க. கடைசி வரைக்கும் ஏரிக்கரையிலதான் சுத்திப் போனா."

அக்கா முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டார். பிள்ளைகளைத் தவிர எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மறுநாள் சொன்னார். கூட்டத்துக்கு நடுவில் நின்று, பின்னைத் தூக்கிப் பிடித்து, பேர் சொல்லிச் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பிறகு குப்பாயியின் வழியில், ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு, தனியாக நடந்து வீட்டுக்குப் போனார். இன்றைக்கும் அப்படித்தான் போகிறார். நேர்வழி இரண்டு நிமிஷம்தான்.

பழைய பின்னைப் பலகையில் மாட்டவில்லை. அந்தக் கோடு இன்னும் காலியாகவே இருக்கிறது. போன வாரம் எலச்சிபாளையத்திலிருந்து புதிதாக ஒருவன் புல்லர் எடுக்க வந்தான். அந்த இடத்தைக் காட்டி, இங்கே இருந்தது எங்கே போயிற்று என்று கேட்டான். நான் டியூபைத் தண்ணீரில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அது நாந் தொலைச்சது சாமி" என்றார் அக்கா.